வேன் வேண்டாம், மணி இருக்கிறது

என் உடன்பிறந்த அக்கா அவர்களுக்கு,

தங்கள் தங்கை மிகுந்த பணிவுடன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் தாங்களும், அத்தானும், தங்கள் முழங்கால் வலியும் அங்கே நலமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். முழங்கால் வலி நலமா இருக்கணும்னு எழுதிட்டேன், போகணும்னு படிச்சுக்கோ. அடிச்சு எழுதினா காகிதம் அசிங்கமாயிடும். தாங்கள் தாங்கள்னு எழுதுறதும் ஆபீசுக்கு மனு போடுற மாதிரி இருக்கு, அதனால இதுக்கு மேல நீன்னே எழுதுறேன். கோவிச்சுக்காதே.

உன் கடிதம் வந்தது. வர்ற சனிக்கிழமை அத்தான் வேன் எடுத்துக்கிட்டு வருவார், கட்டிலையும் பீரோவையும் ஏத்திக்கிட்டு நீயும் ஏறி உக்காரு, புருஷன் இறந்துபோன வீட்டுல தனியா இருந்தா புத்தி பேதலிச்சுப் போயிடும், அந்தச் சபை உனக்கு வேண்டாம், அங்க யார் யாரோ வர்றாங்க, எங்க சபைக்கு வந்தா நல்ல பிரசங்கம் கேட்டு ஆறுதல் அடையலாம்னு எழுதியிருக்க. உன் பாசம் எனக்குத் தெரியும். ஆனா வேன் வேண்டாம் அக்கா. ஏன் வேண்டாம்னு சுருக்கமா எழுதுறேன்.

யார் யாரோ வர்றாங்கன்னு எழுதினியே, ஆமா, வர்றாங்க. முடி வெட்டுறவர் வர்றார், அவரும் அவரோட சேர்ந்து குடும்பம் நடத்துற இன்னொரு ஆம்பளையும் ஒரே குடையில வந்து இறங்குறாங்க. ஆம்பளையாப் பிறந்து பொம்பளையான நர்ஸ் தங்கச்சி ஒருத்தி வர்றா. காது கேக்காத தையல்கார அம்மா வர்றாங்க, அவங்களுக்குப் பக்கத்துல உக்காந்து ஒருத்தர் கையாலேயே பிரசங்கத்தைச் சொல்றார். போதகரே பொம்பளைதான். இத்தனை பேருக்கு நடுவுல ஒரு விசேஷமும் இல்லாத ஆள் நான் ஒருத்திதான், முதல்ல எல்லாம் எனக்கே கூச்சமா இருந்துச்சு. ஆனா என் வீட்டுக்காரர் அடக்கத்தன்னிக்குப் பெட்டியைத் தூக்கினது இவங்கதான். அத்தான் இடுப்புப் பிடிப்புன்னு மாலையை மட்டும் தூக்கினார். குத்திக்காட்டல, நீ மறந்திருப்பியோன்னு எழுதுறேன்.

இப்ப மணி கதைக்கு வர்றேன். உங்க சபையில பிரசங்கம் புரியலன்னா என்ன செய்வீங்க? தலையாட்டிட்டு வீட்டுக்கு வந்து சோறாக்குவீங்க. எங்க சபையில அப்படி இல்ல, புரியாதவங்க மணி அடிக்கணும், அதுதான் வழக்கம். அந்த மணியைக் கொண்டுவந்து வெச்சதே உன் தங்கை புருஷன்தான். அவர் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர்ங்கறது உனக்குத் தெரியும். ஏதோ ஒரு பழைய கட்டடத்துல லிஃப்டைக் கழட்டிப் போட்டப்ப, உள்ள மாட்டிக்கிட்டவங்க அமுக்குற அபாய மணி இருக்கில்ல, அதைக் குப்பைக்குப் போக விடாம எடுத்துட்டு வந்து, மரப்பெட்டிக்குள்ள பேட்டரியோட வெச்சு முடுக்கி, மேல சிவப்புப் பட்டன் வெச்சு, தன் பெஞ்சுலேயே வெச்சுக்கிட்டார். போதகரம்மா நிறையப் படிச்சவங்க. பேச ஆரம்பிச்சா நல்லாத்தான் இருக்கும், போகப் போக மேல மேல போயிடுவாங்க. இவர் பட்டனை அமுக்குவார். ட்ர்ர்ர்ர்னு கட்டடமே அதிரும். "அம்மா, ரொம்ப மேல போயிட்டீங்க, நாங்க எல்லாம் இன்னும் தரைத்தளத்துலதான் நிக்கிறோம்"னு சொல்லுவார். போதகரம்மாவும் சிரிச்சுக்கிட்டே, "சரி, இறங்கி வர்றேன்"னு சொல்லி அதையே நம்ம பேச்சுல சொல்லுவாங்க. யாருக்குப் புரியலன்னாலும் இவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாப் போதும், கெட்ட பேரை இவர் வாங்கிப்பார்.

அவர் போனதுக்கப்புறம் அந்தப் பெட்டி அவர் இடத்துலேயே உக்காந்திருந்துச்சு. யாருக்கும் அதைத் தொட மனசு வரல. பிரசங்கம் என்ன ஆச்சுன்னு கேளு. தடுக்க ஆளில்லாம ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மேகத்துக்குள்ள போயிடுச்சு. ஜனங்க கொட்டாவியை வாய்க்குள்ளேயே மென்னு முழுங்குனாங்க. கடைசியில நம்ம 'தீர்மானம்' எழுந்திருச்சார். அவர் ஓய்வுபெற்ற குமாஸ்தா, ஜன்னலைத் திறக்கணும்னாகூடத் தீர்மானம் போட்டுத்தான் திறக்க விடுவார், அதனால அவருக்கு அந்தப் பேர். "மணிப் பொறுப்பாளர் காலமான நிலையில், மணியானது யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு நம்மிடம் விதி இல்லை"ன்னார். "விதி என்னங்க விதி, இது என்ன சிம்மாசனமா? அக்கா கையில குடுங்க, வேலை முடிஞ்சுது"ன்னார் முடி வெட்டுறவர். "அவங்க இதுவரைக்கும் வாயே திறந்ததில்லையே"ன்னார் தீர்மானம். "மணிக்கு வாய் எதுக்கு?"ன்னு நான் கேட்டேன். அப்படித்தான் மணி என் கைக்கு வந்துச்சு.

பேட்டரி மாத்தணுமேன்னு பையில வெச்சு பஸ்ஸுல எடுத்துட்டு வந்தேன். பையை மடியில வெச்சிருந்தேன், பக்கத்துல ஒரு அம்மா வந்து நெருக்கி உக்காந்தாங்க, நல்ல உடம்பு. அவ்வளவுதான், ட்ர்ர்ர்ர்! டிரைவர் சடார்னு பஸ்ஸை நிறுத்திட்டார். "யாருங்க இறங்கணும்?"னு கண்டக்டர் கேட்டார், யாரும் இறங்கல. பஸ் கிளம்புச்சு, பள்ளத்துல ஏறி இறங்குச்சு, மறுபடியும் ட்ர்ர்ர்ர்! மறுபடியும் நின்னுச்சு. பின்னால நின்ன வண்டிக்காரங்க எல்லாம் எங்க பஸ்ஸோட பரம்பரையையே திட்ட ஆரம்பிச்சுட்டாங்க. கண்டக்டர் என் பைக்குள்ள எட்டிப் பார்த்து, "என்னம்மா இது?"ன்னார். "பிரசங்கத்தை நிறுத்துற மணிங்க"ன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, "எங்க மாமியாருக்கு வேலை செய்யுமா?"ன்னார். "ஆள் இறங்கி வர மனசிருந்தா வேலை செய்யும்"னேன். "அப்ப வேண்டாம்மா"ன்னு பெருமூச்சு விட்டுட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் பட்டன் மேல என் உள்ளங்கையைக் குடையாட்டம் பிடிச்சுக்கிட்டே வீடு வந்து சேர்ந்தேன். பெட்டி திறக்க வரல, பழைய பேட்டரியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை என் முதல் நாள். என்னை நினைச்சுத்தானோ என்னவோ, போதகரம்மா துக்கத்தைப் பத்திப் பேச எடுத்தாங்க. "இழப்பு என்பது ஒரு புனிதமான வெளி"ன்னாங்க. ட்ர்ர்ர்ர். சபையே திரும்பி என்னைப் பார்த்துச்சு. போதகரம்மா பேச்சுல கொஞ்சம் இறங்கி வந்து, "அதாவது, துக்கம் நமக்குள்ள ஒரு அறையைத் திறந்து வைக்குது"ன்னாங்க. ட்ர்ர்ர்ர். "அதாவது அக்கா, நமக்கு ஏற்பட்ட வெறுமையைத் தேவன் நிரப்புறார்"னாங்க. ட்ர்ர்ர்ர். "என்ன புரியலக்கா?"ன்னாங்க. நான் எழுந்திருச்சு, "நிரப்புறார்னு சொல்றீங்களே, எந்தக் கிழமை நிரப்புவார்? கட்டில்ல அவர் படுக்குற பக்கம் அப்படியே காலியாத்தானே கிடக்கு"ன்னேன். நான் கிண்டலுக்குக் கேக்கல அக்கா. கிழமை தெரிஞ்சா அதுவரைக்கும் பொறுத்துக்கலாம்னுதான் கேட்டேன். யாரோ சிரிச்சாங்க, அப்புறம் அவங்களே மூக்கை உறிஞ்சினாங்க. போதகரம்மா மேடையை விட்டுக் கீழ வந்து என் பெஞ்சுலேயே உக்காந்தாங்க. "எனக்குத் தெரியலக்கா. அண்ணன் அடிப்பார் அடிப்பார்னு இத்தனை வாரமா வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திப் பார்க்குறேன். யாருமே அடிக்கல. எங்க இறங்குறதுன்னு தெரியாம மேலேயே சுத்திக்கிட்டிருந்தேன்"ன்னாங்க. அவர் போனதிலிருந்து எனக்கு முழுசாப் புரிஞ்ச பிரசங்கம் அது ஒண்ணுதான்.

நானும் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன், பிடிக்கும்போது முழங்கை பட்டன்ல பட்டுடுச்சு. பட்டன் உள்ளே போனது போனதுதான், திரும்ப மேல வரல. ட்ர்ர்ர்ர்ர்ர்னு அது பாட்டுக்கு அலறுது! பெட்டியைத் திறக்க முடியல, அவர் எந்த ஸ்பேனரை வெச்சு முடுக்கினாரோ அது அவரோட போயிடுச்சு. முடி வெட்டுறவர் கத்திரிக்கோலை எடுத்துட்டு ஓடி வர்றார், அவரோட துணை, "அது கடைக் கத்திரி, முனை போயிடும்!"னு கத்திக்கிட்டே அவரைத் துரத்துறார். தையல்கார அம்மா மட்டும் நடு பெஞ்சுல நிம்மதியா உக்காந்து, எல்லாரும் ஏன் இப்படிக் குதிக்கிறாங்கன்னு வேடிக்கை பார்க்குறாங்க. இந்தக் கூத்துக்கு நடுவுல தீர்மானம் எழுந்திருச்சு வாயை வாயை அசைக்கிறார். என்ன சொன்னார்னு ஒரு உயிருக்கும் கேக்கல. எல்லாரும் ரெண்டு கையையும் தூக்கிக் காதைப் பொத்திக்கிட்டு நிக்கிறாங்க. அவர் கண்ணாடியைச் சரிபண்ணிக்கிட்டுத் தூக்கின கைகளை எல்லாம் ஆதரவுன்னு எடுத்துக்கிட்டார். தையல்கார அம்மா பார்த்தாங்க, எல்லாரும் கை தூக்குறாங்களே, ஏதோ புதுசா ஸ்தோத்திரம் போலன்னு அவங்களும் தூக்கிட்டாங்க. ஆக ஏகமனதா நிறைவேறிடுச்சு.

மணியை யார் நிறுத்தினாங்கன்னு கேப்ப. நான்தான். அவர் ரிப்பேருக்குப் போற இடத்துல லிஃப்டுக்குள்ள யாராவது மாட்டியிருந்தா, கருவியை எடுக்குறதுக்கு முன்னாலேயே கதவைப் படபடன்னு தட்டி, "வந்துட்டேன், இருங்க!"ன்னு கத்துவார். நான் சோறு கொண்டுபோறப்ப பார்த்திருக்கேன். நானும் பெட்டியை மடியில வெச்சு, பக்கத்துல ரெண்டு தட்டு தட்டி, "வந்துட்டேன், இருங்க"ன்னேன். பட்டன் டக்குனு மேல வந்துடுச்சு, மணி நின்னுடுச்சு. பேட்டரி தளர்ந்திருக்கும்னு முடி வெட்டுறவரோட துணை சொன்னார். இருக்கலாம். நான் அழுதேன்னு நினைக்காதே. அழுதேன், ஆனா நீ அதை நினைச்சு வருத்தப்படாதே.

சத்தம் நின்னப்புறம்தான் தீர்மானம் என்ன போட்டார்னு தெரிஞ்சுது. "பிரசங்கத்தை நிறுத்தியவரே அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்ய வேண்டும்." எனக்கு பயம் வந்து மணியை ஓரமா வெச்சுடுவேன்னு நினைச்சுப் போட்டிருக்கார். "ஐயா, நாங்க காதைத்தான் பொத்தினோம்!"னு முடி வெட்டுறவர் சொன்னார். "கை மேலே போனதா இல்லையா?"ன்னு தீர்மானம் கேட்டார். போயிருந்துச்சே. போதகரம்மாவைப் பார்த்தேன், காப்பாத்துவாங்கன்னு. "எனக்கும் ஒரு வாரம் கீழ உக்காந்து கேக்கணும்க்கா"ன்னுட்டாங்க. நான் சரின்னுட்டேன்.

அஞ்சாவதோட நின்னவ என்ன பிரசங்கம் பண்ணப் போறான்னு நீ கேக்குறது இங்க வரைக்கும் கேக்குது. என்ன பேசப் போறேன்னு எனக்குத் தெரியும். ஒரு தடவை நான் என் வீட்டுக்காரர்கிட்ட, "உள்ள யாரு மாட்டியிருக்காங்கன்னு கேட்டுட்டுக் கத்தக் கூடாதா? திருடனா இருந்தா?"ன்னேன். "யாருன்னு கேட்டுக்கிட்டு நின்னா அதுக்குள்ள அந்த ஆளுக்கு மூச்சு முட்டிடும்டி. இருட்டுல இருக்குறவனுக்கு வெளிய ஆள் வந்துட்டான்னு முதல்ல தெரியணும். கதவு அப்புறம் மெதுவாத் திறக்கட்டும்"ன்னார். அதைத்தான் சொல்லப் போறேன். கடவுள் கிழமை சொல்ல மாட்டார், ஆனா கதவைத் தட்டிக் குரல் குடுப்பார், உள்ள இருக்குறது யாருன்னு கேக்க மாட்டார்னு சொல்லப் போறேன். யார் யாரோ வர்ற சபைக்கு இதை விட்டா வேற என்ன பிரசங்கம் வேணும்? நேத்து அடுப்புக்கு முன்னால நின்னு பேசிப் பார்த்தேன். பாலுக்கே உணர்ச்சி வந்து பொங்கி அடுப்பு அணைஞ்சுடுச்சு.

ஆகவே அக்கா, என் புத்தி பேதலிக்கல. நான் தனியாவும் இல்ல. எனக்குத் துளி பயமும் இல்ல. எந்தத் துணையும் இல்லாம நானே சமாளிச்சுக்குவேன். அத்தானை அலைய விடாதே, வேன்காரருக்குச் சொல்லிடு. கட்டில் இருக்குற இடத்துலேயே இருக்கட்டும்.

உன் வீட்டுக் கூரையையும், அத்தான் இடுப்பையும், நீ முழங்கால் போட்டு ஜெபிக்க அந்த முழங்காலையும் கர்த்தர் பத்திரமாக் காக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் உன் அன்புத் தங்கை

பின்குறிப்பு: ஒட்டப் போன கவரைத் திரும்பப் பிரிச்சுட்டேன். வேன் வரட்டும் அக்கா. சனிக்கிழமை வேண்டாம், ஞாயித்துக்கிழமை காலையில வரட்டும். கட்டிலுக்கு இல்ல, உனக்குத்தான். நான் மேடை ஏறிட்டா மணியை யார் கையில குடுக்குறதுன்னு இப்பத்தான் யோசிச்சேன். தீர்மானம் நான் பார்த்துக்குறேன்னு நிக்கிறார், அவர்கிட்ட குடுத்தா நான் வணக்கம்கூட சொல்லி முடிக்க முடியாது. என் வீட்டுக்காரர் உக்கார்ற இடம் காலியாத்தான் இருக்கு, நீ உக்காரு. சின்ன வயசுலேருந்து நான் சொல்ற எதையும் நீ முழுசா முடிக்க விட்டதில்ல, உன்னை விட்டா இந்த வேலைக்கு ஆள் கிடையாது. நான் எனக்கே புரியாம ஏதாவது பேசினா தயங்காம அமுக்கு. துளி பயமும் இல்லன்னு மேல எழுதியிருக்கேன் பாரு, அந்த வரியை நீயே அடிச்சுடு, பேனா உன்கிட்டதான் நல்லா எழுதும். வீட்டு வாசலுக்கு வந்ததும் நான் திறக்கட்டும்னு காத்துக்கிட்டு நிக்காதே. கதவைப் படபடன்னு தட்டி, வெளியிலேருந்தே சத்தமா வந்துட்டேன்னு சொல்லிடு. கதவை நான் மெதுவாத் திறந்துக்குறேன்.