வெள்ளைக்காரி குடியிருந்த தறிக்குழி

பேயை வாசலிலேயே நிறுத்தி வைத்து விசாரணை நடத்திய மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் திருத்தணியில், நெசவுத் தெரு ஒன்றில், எனக்கு அறை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரராக இருந்தார். சொந்தப் பெயர் என்னவோ, தெரு முழுக்க அவரைப் பேய்க்கார நைனா என்றுதான் கூப்பிட்டது. அவரும் கோபித்துக்கொள்ளாமல் 'ஆங்' என்று திரும்பிப் பார்ப்பார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் ஒரு சின்ன ஆபீசில் குமாஸ்தா, கல்யாணம் ஆகாதவன். பஸ் ஸ்டாண்டு ஓட்டல் பரோட்டாவுக்கு உடல் பொருள் ஆவி மூன்றையும் எழுதிக் கொடுத்திருந்தேன். வாடகைக்கு அறை கேட்டுப் போனபோது நைனா என் சம்பளத்தைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. என் வாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்து ஒரு இழு இழுத்தார்.

"மத்தியானம் பரோட்டா துன்னியா?"

"ஆமா."

"அப்ப அவளும் உன்கூடவே வந்துகினு இருக்கா. தெருக்குழாயில கை கழுவிட்டு, வாய் கொப்பளிச்சுட்டு வா. அப்பறம் ரூம் பத்திப் பேசலாம்."

யார் வந்துகொண்டிருக்கிறாள்? திரும்பிப் பார்த்தேன். உச்சி வெயில், தெருவில் ஈ காக்கை இல்லை. அவரோ என் தோளுக்குப் பின்னால் எதையோ முறைத்துக்கொண்டு நின்றார். எனக்கு முதுகில் ஜில்லென்று ஏதோ இறங்கியது. ஆனால் ஜன்னல் வைத்த அறை அந்தத் தெருவிலேயே அது ஒன்றுதான். போய்க் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

'அவள்' யார் என்பதை அவர் மனைவி ராஜம்மாக்கா பிறகு சொன்னார். அவளுக்குப் பெயர் வெள்ளைக்காரி. ரேஷனில் அமெரிக்கா கோதுமை போட்ட காலத்தில் மூட்டையோடு மூட்டையாகக் கப்பலேறி வந்தவள் என்பது நைனாவின் கட்சி. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பிரெட், பிஸ்கட், எல்லாவற்றிலும் அவள்தான் குடியிருக்கிறாள். ஒரு சிட்டிகை உள்ளே போனால் போதும், நைனாவுக்கு வயிறு பானையாக உப்பும், பேதி பிடுங்கும், வாயெல்லாம் புண்ணாகும், முழங்கால் நடுங்கும். வாரக்கணக்கில் எழுந்திருக்க மாட்டார்.

மெட்ராசில் ஒரு பெரிய டாக்டர் குடலைச் சோதித்துப் பார்த்துவிட்டு, இதற்கு மருந்து கிடையாது, உயிர் உள்ளவரை கோதுமைப் பக்கம் போகாதே, அரிசி, கேழ்வரகு, கம்பு என்று இருந்துகொள், குடல் தானாக ஆறும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். இன்றைக்கு அதைச் சீலியாக் என்கிறார்கள், குளூட்டன் இல்லாத மாவு என்று டப்பாவில் எழுதியே விற்கிறார்கள். அன்றைக்கு டாக்டர் சொன்ன இங்கிலீஷ் பெயர் நைனாவின் வாயில் நுழையவில்லை. வாயில் நுழையாத பெயரை வைத்துக்கொண்டு எப்படித் திட்டுவது? அதனால் அவரே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்.

கே.ஜி.கண்டிகையில் ஒரு கல்யாணம். நைனா எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தூக்குச்சட்டியில் தன் சோற்றைத் தானே எடுத்துக்கொண்டுதான் போவார். அன்று பெண்ணின் அப்பா, அப்பளமாவது தொட்டுக்கொள்ளுங்கள், அது உளுந்துதானே என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். நைனா எழுந்து நேராகச் சமையல் கொட்டகைக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். எண்ணெய்ச் சட்டியின் மேல் குனிந்து, புகைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, ரொம்ப நாள் பழகியவளிடம் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார்: "இங்கயும் வந்துட்டியா நீ?"

சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டார். அதே எண்ணெயில் காலையில் பூரி பொரித்ததாக அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டார். அவ்வளவுதான், பந்தியில் பூரி இருந்த இலைகள் எல்லாம் அப்படி அப்படியே மூடிக்கொண்டன. மிச்சப் பூரியை நான் ஒருவன்தான் சாப்பிட்டேன். பயந்துகொண்டேதான் சாப்பிட்டேன், ஆனாலும் சாப்பிட்டேன்.

இன்னொரு தரம் வெறும் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். வீட்டு அரிசி, வீட்டுப் புளி, ராஜம்மாக்கா கை. எங்கிருந்து வந்தாள் என்று அக்கா அழுதுகொண்டே அஞ்சறைப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தார். பெருங்காயக் கட்டி உருண்டு வந்தது. கடைக்காரரைப் போய்க் கேட்டால், மாவு சேர்க்காமல் கட்டி எப்படிம்மா கட்டியாகும் என்று அவர் திருப்பிக் கேட்டார். அன்றோடு அந்த வீட்டில் பெருங்காயமும் போயிற்று.

அக்கா அத்தனை உஷார். நைனாவுக்குச் சட்டி வேறு, கரண்டி வேறு, அம்மி வேறு. மாவு மிஷின்காரர் கோதுமை அரைத்த கல்லில் நம்முடையதை அரைத்துவிடுவார் என்று கேழ்வரகைக் கூட வீட்டிலேயே திரித்தார். இத்தனை செய்தும் நைனா உருகிக்கொண்டே போனார். சட்டை மட்டும் நடந்துபோகிற மாதிரி இருக்கும் அவர் தெருவில் போனால்.

எனக்குச் சந்தேகம் என் மேலேயே வந்தது. நாட்டில் யாரும் செய்யாத தியாகத்தைச் செய்தேன், பரோட்டாவை விட்டேன். ஓட்டல்காரர் நான் ஊரைவிட்டுப் போய்விட்டதாக நினைத்து வருத்தப்பட்டாராம். நானும் இளைத்தேன், நைனாவும் இளைத்தார். வெள்ளைக்காரி போகிற வழியாகக் காணோம்.

அப்புறம்தான் யாருக்கும் புரியாத சங்கதி ஒன்று நடந்தது. மணவூரில் இருந்த அவர் தங்கை வந்து அழுது, அண்ணனை ஒரு மாசம் அழைத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது கன்னத்தில் சதை, நடையில் தெம்பு. தெருவே கூடி நின்று பார்த்தது. தறியில் உட்கார்ந்தார். ஒரு வாரம் போவதற்குள் வாயில் புண். அடுத்த வாரம் வயிறு உப்பியது. மறுபடியும் சட்டை மட்டும்தான் நடந்தது.

தங்கை வீட்டிலும் அரிசிச் சோறுதான், இங்கேயும் அரிசிச் சோறுதான். அப்படியென்றால் பேய் சோற்றில் இல்லை, வீட்டில் இருக்கிறது என்று தெரு தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவர் நெய்தது குழித்தறி. தரையில் பள்ளம் தோண்டி, அதில் காலை இறக்கி உட்கார்ந்து மிதிக்கிற தறி. பகலிலும் அந்தக் குழிக்குள் இருட்டாகத்தான் இருக்கும். நைனா இல்லாதபோது நான் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். புளித்த வாடை ஒன்று கீழேயிருந்து மெள்ள ஏறி வந்தது. எங்கோ தினமும் முகர்கிற வாடைதான், எங்கே என்று பிடிபடவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஆந்திரா பக்கத்திலிருந்து ஒரு மந்திரவாதியைக் கூட்டி வந்தார்கள். அவர் குழிக்குள் ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டார். அது சுற்றிவந்து, மேலே தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலுக்கு நேர் கீழே போய் நின்றது. எடுத்து மறுபடி உருட்டினார், மறுபடி அங்கேயே நின்றது. "தறியிலதான் கீறா. குழிய மண்ணு போட்டு மூடிடுங்க" என்று சொல்லிவிட்டு, தட்சணைக்குக்கூட நிற்காமல் பஸ்ஸுக்கு ஓடினார். அந்த இடத்தில் தரை கொஞ்சம் பள்ளம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கை ரோமம் குத்திட்டு நின்றது.

நைனாவுக்குத் தறி ஒன்றுதான் தெரியும். அதை மூடினால் சோறு கிடையாது, மூடாவிட்டால் ஆள் கிடையாது. ராஜம்மாக்கா யோசிக்கவே இல்லை. "சோத்துக்கு நான் பூ கட்டி வித்துக்கறேன். எனக்கு நீதான் வேணும் பாவா" என்றார். வெள்ளிக்கிழமை மண் போடுவது என்று முடிவாயிற்று. ஏற்றிய பாவு நூலை மட்டும் நெய்து முடித்துவிடுகிறேன் என்று நைனா கேட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை எனக்கு லீவு. மனசு கேட்காமல் தறிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். டக், டக் என்று குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இழை அறுந்தது. தறியை நிறுத்தினார். இரண்டு விரலை நாக்கில் தொட்டு ஈரம் பண்ணி, அறுந்த முனைகளைச் சேர்த்து முறுக்கினார். இழை ஒட்டிக்கொண்டது. மறுபடி ஓட்டினார், மறுபடி ஒன்று அறுந்தது, மறுபடி விரல் நாக்குக்குப் போனது. நெசவுக்காரர்கள் எல்லாரும் செய்கிறதுதான். மூச்சு விடுகிற மாதிரி, செய்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது.

அப்போது அந்தப் புளித்த வாடை வந்தது. குழியிலிருந்து இல்லை, என் மூக்குக்கு நேராக இருந்த பாவிலிருந்து வந்தது. சட்டென்று எனக்கு என் ஆபீஸ் மேஜை ஞாபகம் வந்தது. கவர் ஒட்ட எங்கள் பியூன் காய்ச்சி வைக்கிற பசை நாலு நாள் ஆனால் இதே வாடைதான் அடிக்கும்.

"நைனா, பாவு நூல் விறைப்பா நிக்கக் கஞ்சி போடறாங்களே, அது எந்த மாவுல காய்ச்சறாங்க?"

"மின்ன அரிசிக் கஞ்சிதான். இப்ப அரிசி எங்க கெடைக்குது? ரெண்டு வருசமா மைதாதான் போட்டுகினு..."

சொல்லிக்கொண்டே விரலை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தினார். விரல் நுனியையே பார்த்தார். நுனியில் வெள்ளையாக ஒரு துகள் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் அப்போது வந்த மாதிரியான பயத்தை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. ஊரெல்லாம் தேடிய பேய் தன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

"அது நூலு துன்ற கஞ்சின்னு இல்ல நெனச்சேன்" என்றார், குழந்தை மாதிரி. "நான் துன்றேன்னு நெனக்கவே இல்லியே."

மூட இருந்த குழி தப்பித்தது. தங்கள் பங்கு ரேஷன் அரிசியில் ஒரு பிடி எடுத்துக் கஞ்சி காய்ச்சி, நைனாவின் பாவுக்கு மட்டும் ராஜம்மாக்கா தனியாகப் போட்டார். அந்தப் பிடிக்காக அக்கா ஒரு வேளை பட்டினி கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். சில நாள் அந்தப் பிடி அரிசியும் இருக்காது, மைதாப் பாவுதான் வரும். அதற்காகத் தறிக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். விரலை அதில் நனைக்க வேண்டும், நாக்கில் இல்லை.

ஆனால் சின்ன வயசிலிருந்து வந்த பழக்கம் லேசில் போகுமா? இழை அறுந்தால் விரல் வாய்க்குத்தான் போகும். அதனால் அக்கா கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மடியில் பூ, கையில் நார். கண் பூவிலேயே இருக்கும். டக் டக் சத்தம் நின்றால் போதும், "ம்ம்" என்று ஒரு அதட்டல். நைனாவின் கை பாதி வழியில் திரும்பிக் கிண்ணத்துக்குப் போகும். நாள் முழுக்க டக் டக், ம்ம், டக் டக், ம்ம். என் அறை வரைக்கும் கேட்கும். நைனா உடம்பு தேறினார், எனக்குப் பரோட்டா திரும்பக் கிடைத்தது.

அப்புறம் மாற்றலாகிப் போய்விட்டேன். எண்பதுகளில் ஒரு ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வந்தபோது தெருவுக்குப் போனேன். ராஜம்மாக்கா இறந்து வருஷமாகிவிட்டது என்று வாசலிலேயே ஒருவர் சொன்னார். நைனா கதவைத் திறந்தார். தொந்தி போட்டிருந்தது. மூக்கை நீட்டுவதற்கு முன்னாலேயே நான் தெருக்குழாய்க்குப் போய்விட்டேன். பின்னால் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிண்ணம் இருந்தது, நிறையத் தண்ணீர். மணையும் அதே இடத்தில் இருந்தது, காலியாக. நைனா ஓட்டினார். சாயங்கால வெயில் குழியின் ஓரம் வரை வந்து நின்றது. ஒரு இழை அறுந்தது. சத்தம் நின்றது. அவர் விரல் வாய்க்குப் போனது.

"ம்ம்."

மணைப் பக்கத்திலிருந்துதான் வந்தது. நைனாவின் உதடு அசையவில்லை, நான் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை பாதி வழியில் திரும்பிக் கிண்ணத்துக்குப் போயிற்று. இழையை முறுக்கி ஒட்டிவிட்டு, தலையைத் தூக்காமல் கேட்டார்.

"உனக்குங் கேட்டுச்சா?"

"ஆங். கேட்டுச்சு நைனா."

"எனக்கு மட்டுந்தான்னு நெனச்சுகினு இருந்தேன்" என்று மறுபடி தறியை ஓட்ட ஆரம்பித்தார்.

இப்போது நைனாவும் இல்லை. என் வீட்டில் யாருக்கும் அந்த நோய் கிடையாது, எல்லாரும் பரோட்டாவை வெளுத்துக்கட்டுகிறவர்கள். ஆனாலும் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தால், வாசல் குழாயில் கை கழுவி, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். மூக்கை நீட்டிக்கொண்டு எந்த வாசலில் வந்து நிற்பாரோ மனுஷன். நின்றால் நன்றாகத்தான் இருக்கும்.