சுறாவுக்குப் புத்தி சொன்ன வெள்ளக்காரி

தூத்துக்குடி கடக்கரையில உக்காந்து ஒரு வாய் காப்பி குடிக்காத மனுசன் ஒருத்தர்தான். சங்கு போட்டு வைக்க கிட்டங்கிக்குக் காவக்காரரு. காவல் காக்கவன் ஒரு எடத்துல நிக்கணும்லா? இவரு கிட்டங்கியச் சுத்திச் சுத்தி நடந்ததுல மண்ணு பள்ளமாயி, மழை பேஞ்சா அதுல தண்ணி ஓடும். நடந்துக்கிட்டேதான் சாப்பிடுவாரு, நடந்துக்கிட்டேதான் வாசிப்பாரு.

எதப் பேசினாலும் "அந்த அம்மா என்ன சொல்லுதான்னா"ன்னு ஆரம்பிப்பாரு. அதனால அம்மாசொல்லின்னு பேரு. பெத்தவங்க வச்ச பேரு அவருக்கே மறந்திருக்கும்.

அந்த அம்மா யாருன்னா, ஒரு இங்கிலீசுக்காரி. எங்க பாட்டன் பொறக்கதுக்கு முன்னாலயே செத்துட்டா. அவ எழுதி அச்சுப்போட்ட புத்தகம் பூரா ஒரு தகரப் பெட்டி நெறைய இவருட்ட இருந்துச்சு. மிசன் பங்களாவுல சமையல் பாத்தப்ப அங்க உள்ள வெள்ளக்காரம்மா இங்கிலீசு வாசிக்கச் சொல்லிக்குடுத்து, ஒலகச் சண்ட வந்து சீமைக்குக் கப்பலேறும்போது பெட்டியவும் குடுத்துட்டுப் போயிட்டாளாம். அந்தப் பங்களாவுல ஒரு நாய் கெடந்துச்சு பாருங்க, கன்னுக்குட்டி ஒசரம்... அது கெடக்கட்டும். குடிகாரனுக்குப் புத்தி சொல்லி ஒரு புத்தகம், பொட்டப்பிள்ளைகள வளக்கதுக்கு ஒண்ணு, ராசா வீட்டுக்கே புத்தி சொல்லி ஒண்ணு. எள வயசுல நாடகமும் எழுதியிருக்கா. பெறவு நாடகமே ஆவாதுன்னு அதுக்கும் ஒரு புத்தகம்!

கள்ளுக்கட வாசல்ல நடந்துக்கிட்டே குடிகாரன் புத்தகத்த வாசிப்பாரு. உள்ள இருந்து ஒருத்தன் கத்துனான்: "அண்ணாச்சி, நீரு வாசிக்கதத் தாங்கதுக்கே இன்னொரு கலயம் வேண்டியிருக்குவே!"

என் கல்யாணத்துக்கும் வந்தாரு. "பொறக்க பொட்டப்பிள்ளைகளுக்கு எழுத்து படிச்சுக்குடுக்கணும்னு அந்த அம்மா சொல்லுதா"ன்னாரு. என் மாமியா கேட்டா, "அவளுக்கு எத்தன பிள்ளைய?"

"அவ கல்யாணமே கட்டல."

"நல்லாருக்கே! பெறாதவ, பெத்தவளுக்குப் புத்தி சொல்லுதாளாக்கும்!"

அன்னைக்கும் பந்தியில உக்காராமதான் போனாரு.

அப்ப நான் சங்கு குளிக்கப் போவேன். சுறா வாயக் கட்டுததுக்குன்னு ஒருத்தர் வள்ளத்துல வருவாரு. அவரு மந்திரம் சொன்னாத்தான் நாங்க எறங்குவோம். அந்த வருசம் அவரு மக கல்யாணத்துக்கு விளாத்திகுளம் போனவரு காச்சல்ல படுத்துட்டாரு. தருவைகுளத்துப் பக்கம் பெரிய சுறா ஒண்ணு திரியுதுன்னு பேச்சு வேற. ஒருத்தனும் எறங்க மாட்டேன்னுட்டோம். அரிசிக்குத் திண்டாட்டமான நேரம், எந்த வீட்டுலயும் அடுப்பு எரியல. கரையில நிக்கவும் முடியல, வீட்டுக்குப் போவவும் முடியல.

எங்க தண்டல், வள்ளத்துக்குப் பெரியவரு, அவருக்குத்தான் அந்த யோசன வந்துச்சு. "அந்த இங்கிலீசு வாசிப்பக் கேட்டா நமக்கே ஓடணும்போல இருக்கு, சுறா நிக்குமா? அம்மாசொல்லிய கூப்பிடுங்கலே!"

"அந்த வெள்ளக்காரி மாதாவக் கும்பிடாதவளாமே"ன்னான் ஒருத்தன்.

"சுறாவுக்குத் தெரியவாலே போவுது?"

அம்மாசொல்லி குதிச்சாரு. "இது மந்திரம் இல்லவே! புத்தி! கேட்டு நடக்கணும்."

"நாங்க நடக்கோம். நீரு மொதல்ல சுறாவ நடக்க வையும்"ன்னாரு தண்டல்.

"மாட்டேன்வே. அவ பேர மந்திரவாதியாக்க விடமாட்டேன்."

அவருக்குத் தண்ணின்னாலே குலை நடுங்கும். முழங்காலுக்கு மேல கடத்தண்ணி படாதவரு. அத வெளிய சொல்லுவாரா?

என் வீட்டுக்காரி முன்னால வந்தா. "பிள்ளைய பட்டினி கெடக்கு அண்ணாச்சி. அதுக்கு அந்த அம்மா என்ன சொல்லுதா?"

மனுசன் நின்னுட்டாரு. அவரு நின்னு அன்னைக்குத்தான் பாத்தோம். கிட்டங்கிக்குள்ள போயி, பெட்டியில உள்ளதுலயே தடி புத்தகமா எடுத்துக்கிட்டு வந்தாரு.

வள்ளம் ஆடுத ஆட்டத்துல ரெண்டு வரி வாசிப்பாரு, ஒரு வாந்தி. திரும்ப ரெண்டு வரி. நடக்கவும் எடமில்ல, நின்ன எடத்துலயே காலு ரெண்டும் தவிக்கு. இதுதான் சமயம்னு நடுவுல தமிழ்ல அர்த்தம் சொல்ல ஆரம்பிச்சாரு பாருங்க, முங்குதவனுக்குக் கயிறு பிடிக்கவன் அலறுனான்: "தமிழ் வேண்டாம் அண்ணாச்சி! சுறா பழகிரும்!"

முங்கிட்டு மேல வந்து பாக்கேன். வாய் இங்கிலீசு சொல்லுது, கண்ணு புத்தகத்துல இல்ல, தண்ணியிலயே நிக்கி. எல்லார் தலையும் வெளிய தெரிஞ்ச பெறவுதான் வாய மூடுனாரு.

சுறா வரல. எல்லா வீட்டுலயும் ஒலை கொதிச்சுது. காச்சக்காரரு தேறி வர்ற வரைக்கும் தெனமும் வெள்ளக்காரிதான் எங்களுக்குக் காவல்.

அவரு வந்த மறுநா விடிய வள்ளத்தத் தள்ளுதோம். எலுமிச்சங்காய மோந்துக்கிட்டே அம்மாசொல்லி வந்து ஏறுனாரு.

"இனி நீரு வாசிக்க வேண்டாம்வே, ஆளு வந்தாச்சு"ன்னாரு தண்டல்.

"வாசிக்க யாரு வந்தா? நீங்க கடலுக்குள்ள கெடக்கும்போது கரையில எனக்கு இருப்புக்கொள்ள மாட்டுக்கு. தள்ளுங்கடே."

கையில புத்தகம் இல்ல.