தெருவில் இல்லாத நாய்

உலகத்திலேயே நாய்களுக்காக உயிரை விடத் தயாராக இருந்த ஒரே அலுவலகம் 'தெருநாய் துயர் துடைப்பு அலுவலகம்'தான். யாருடைய உயிரை என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

அன்று காலை பத்தரை மணிக்கு, லாரியில் அடிபட்டுப் பின்னங்கால் நசுங்கிய ஒரு நாய், அலுவலக வாசலைத் தாண்டி உடம்பை இழுத்துக்கொண்டு வந்து சைக்கிள் கொட்டகையில் சாய்ந்தது. இரண்டு வாரம் முன்பு அது போட்ட நாலு குட்டிகளும் அங்கேதான் கிடந்தன. அவை மடியை முட்ட முட்டத் தாய் முனகியது. ரத்தம் நிற்கவில்லை.

வாட்ச்மேன் கிழவருக்குப் படிப்பும் குறைவு, படித்தவர்கள் மேல் நம்பிக்கையும் குறைவு. ஆனாலும் மாடியேறினார். அங்கே 'அன்புக்கு ஏது எல்லை?' என்ற தலைப்பில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

"ஐயா, கொட்டகையில நாய் அடிபட்டுக் கிடக்கு. வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

கண்காணிப்பாளர் கண்கலங்கினார். "அடடா! எந்தத் தெரு?"

"தெரு இல்லீங்க. நம்ம கொட்டகை."

"அப்ப அது தெருநாயே இல்லையே பெரியவரே! தெருப்பேரு போடலைன்னா கம்ப்யூட்டர் வாங்கிக்காது."

"கம்ப்யூட்டரா தூக்கப் போவுது? எட்டிப் பாருங்க, கீழதான் கிடக்கு."

"நேர்ல பாக்குறதுக்கு இங்க வழிமுறை இல்ல. தெருவுல இருந்து போன் வரணும்."

கிழவர் தலையில் அடித்துக்கொண்டு இறங்கினார். தன் துண்டால் நாயின் காலை இறுக்கிக் கட்டினார். சாக்கில் கிடத்தித் தெருவுக்கு இழுத்து வந்தார். போன் போட்டார். மாடியில் மணி அடிப்பது அவர் காதிலேயே விழுந்தது. எழுத்தர் எடுத்தார்.

"வணக்கம். தங்கள் கருணைக்கு நன்றி. நாய் எங்கே இருக்கிறது?"

"உன் ஜன்னலுக்குக் கீழ. நான்தான்யா, வாட்ச்மேன்."

"பக்கத்தில் அடையாளம் ஏதாவது?"

"தெருநாய் துயர் துடைப்பு அலுவலகம்."

"அதற்கு எதிரிலா, பக்கத்திலா?"

"யோவ், தலைய வெளிய நீட்டுய்யா!"

தலை நீளவில்லை. ஆனால் வண்டி வந்தது. கொட்டகையை ஒட்டியே நின்றிருந்த வண்டி, 'இருபத்தெட்டே நிமிடத்தில்' விரைந்து வந்து சேர்ந்தது. டிரைவரும் கிழவருமாக நாயைத் தூக்கி ஏற்றினார்கள்.

"மூச்சு நல்லாத்தான் இருக்கு. டாக்டர் பாத்தா பொழச்சுக்கும்" என்றார் டிரைவர்.

கிழவர் ஓடிப்போய்க் குட்டிகளை ஓர் அட்டைப்பெட்டியில் அள்ளி வந்தார். அதற்குள் போட்டோவுக்காகக் கண்காணிப்பாளர் கீழே இறங்கியிருந்தார். பின்னாலேயே மொத்த அலுவலகமும் தலைசீவிக்கொண்டு இறங்கியிருந்தது.

"குட்டிங்கள ஏத்தக்கூடாது" என்று கண்காணிப்பாளர் வண்டிக் கதவை மறித்தார்.

"பாலில்லாம செத்துரும்யா!"

"உணர்ச்சிவசப்படாதீங்க பெரியவரே. இதுங்க ஒருநாளாவது தெருவுல இறங்கியிருக்கா? பொழுதுக்கும் நிழல்ல கிடக்குறது, வேளாவேளைக்கு வயித்த ரொப்பிக்கிறது, தூங்குறது. இந்த மாதிரி ஜீவனுக்கெல்லாம் இந்த அலுவலகத்துல இடமே கிடையாது!"

கிழவர் அவர் கையைத் தள்ளிவிட்டுப் பெட்டியைத் தாயின் பக்கத்தில் வைத்தார். கதவைச் சாத்தி, டிரைவருக்குக் கை காட்டினார். வண்டி புறப்பட்டது. பிறகு, வரிசையாக நின்ற 'மீட்புக் குழு'வை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நிதானமாகப் பார்த்தார்.

"அப்ப நீங்கள்லாம் எப்ப காலி பண்றீங்க?"