சாமிக்கு முதுகு காட்டிய மோட்டார்

திருநெல்வேலி
10 ஜூன் 1913, செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய தில்லைநாயகம் மாமா அவர்களுக்கு, தங்கள் தங்கை மகள் சண்முகசுந்தரி வணங்கி எழுதுவது. இவ்விடம் அப்பா, அம்மா, பசு, கன்று யாவரும் சுகம். மோட்டார் மட்டும் சுகமில்லை.

போன மாதம் வேலாண்டிக் குன்றின் அடிவாரத்தில் அப்பாவிடம் நான் சொல்லாமல் விட்டது ஒரே வாக்கியம்: "வண்டியைத் திருப்பி, பின்பக்கமாக ஏற்றச் சொல்லுங்கள்." சொல்லாததால் வந்த வினைகளைக் கேளுங்கள். பாளையங்கோட்டையில் ஆசிரியைப் பயிற்சி வகுப்பில் நான் சேர அப்பா சம்மதித்ததே இந்த மோட்டாரை நம்பித்தான். வயது வந்த பெண் வில்வண்டியில் போனால் தெரு முழுவதும் பார்க்குமாம். மோட்டாரில் போனால் கண் சிமிட்டுவதற்குள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவிடலாமாம். ஆனால் முதலில் புது வண்டியைக் குன்றேற்றி முருகனுக்குப் பூசை போட்டாக வேண்டும். மூன்று வெள்ளிக்கிழமை போனோம், மூன்று முறையும் இரண்டாம் வளைவில் எஞ்சின் இருமிவிட்டு நின்றது, அம்மா இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தாள், மேலே குருக்கள் ஆக்கிய பொங்கல் ஆறிக் கல்லானது, திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைத்தவரும் அதில் வழுக்கியவரும் அப்பாவே.

"ஏலே நூரு, சமதரையில குதிரையா ஓடுது, சாமி மலையில மட்டும் நிக்குன்னா தெய்வக்குத்தம் இல்லாம என்னலே?" என்றார் அப்பா.

"தெய்வத்த ஏன் இழுக்கிய அண்ணாச்சி? கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வரமாட்டேங்கு, அம்புட்டுதான்" என்றார் டிரைவர் நூர்முகம்மது. மூன்று முறை கழற்றி ஊதியும் பார்த்தார்.

வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை நான் படித்திருந்தேன். பெட்ரோல் தொட்டி ஆசனத்துக்கு அடியில், எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்புரேட்டர் முன்னால். பெட்ரோல் தானாகவே வழிந்துதான் போக வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் வண்டியின் மூக்கு உயர்ந்தால் கார்புரேட்டர் தொட்டிக்கு மேலே போய்விடுகிறது. தண்ணீர் மேட்டுக்கு ஏறுமா? அடுக்களையில் ஒரு செம்பையும் பப்பாளி இலைக் குழல் காம்பையும் வைத்துப் பார்த்துக்கொண்டேன். பின்பக்கமாக ஏற்றினால் தொட்டிதான் மேலே இருக்கும்.

நாலாவது வெள்ளிக்கிழமை அம்மாவிடம் சொன்னேன், அம்மா நூர்முகம்மதுவிடம் சொன்னாள். வண்டி பின்பக்கமாக இரண்டாம் வளைவையும் தாண்டி ஜம்மென்று ஏறியது. அப்போதுதான் அப்பாவுக்குப் புரிந்தது.

"நிறுத்துலே! சாமிக்கு முதுகைக் காட்டிக்கிட்டா போவ? கோயில விட்டு வரும்போதே திரும்பாம பின்னால நடந்து வாரவன்லே நான்!"

"எஞ்சினுக்கு ஏது அண்ணாச்சி முதுகு?"

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தே வீடு வந்தார். வரும் சனிக்கிழமை நாங்குநேரியிலிருந்து வண்டியை வாங்க ஆள் வருகிறார். மோட்டார் போனால் என் படிப்பும் போயிற்று. வண்டி எப்படித் திரும்பியிருந்தால் என்ன, அதில் உட்கார்ந்திருப்பவர் திரும்பி உட்கார்ந்துகொண்டால் முகம் சாமியைப் பார்க்காதா? இதைத் தாங்கள் தங்களுக்கே தோன்றிய யோசனையாக அப்பாவுக்கு உடனே எழுத வேண்டும். என் பெயர் வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கம். முருகன் தங்கள் இருவருக்கும் நல்ல செரிமானமும் நீண்ட ஆயுளும் தருவானாக.

இப்படிக்கு,
சண்முகசுந்தரி

பி.கு., 24 ஜூன்: தபாலில் போடுவதாகச் சொல்லி அப்பா வாங்கிக்கொண்ட இந்தக் கடிதம், ஸ்டாம்பு ஒட்ட மறந்துபோனதாக இன்று அவருடைய கோட்டுப் பையிலிருந்து திரும்பி வந்தது. உறை பிரிந்திருக்கிறது. தாங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். போன வெள்ளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை அப்பாவுக்கே ஒரு யோசனை தோன்றி, ஆசனத்தில் மண்டியிட்டு, பின்னால் மடித்துவைத்த துணிக் கூரையைப் பிடித்துக்கொண்டு, சாமியைப் பார்த்தபடியே பின்பக்கமாகக் குன்றேறிவிட்டார். நாங்குநேரிக்காரரையும் ஏற்றிக் காட்டினார். இப்போது அதேபோல் மோட்டாரில் குன்றேற வேண்டுதல்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். மோட்டார் ஒரு நாளும் வீட்டில் இருப்பதில்லை. நேற்று நான் வில்வண்டியில் போய்ப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். தெரு முழுவதும் பார்த்தது.