முன் சீட்டும் உங்கள் மகளும்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா, மாமாவின் இருமல் அடங்கியதா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். போகப்போகக் கேட்க எனக்கு மனம் இருக்காது. இங்கே எல்லாரும் நலம். விடுமுறைக்கு வந்திருக்கும் உங்கள் மகள் ரொம்பவே நலம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பீர்கள். நீங்கள் ‘ஹலோ’ என்றதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உங்களுக்கே தெரியும்.

எங்கள் குடும்பத்தில் ஒரு சட்டம் உண்டு. வண்டியில் போகும்போது யாருக்கு வாந்தி வருமோ அவருக்குத்தான் முன் சீட்டு. அழகாலோ படிப்பாலோ பேச்சாலோ எனக்கு இதுவரை ஒன்றும் கிடைத்ததில்லை. வாந்தியால் கிடைத்தது இந்த ஒரு சீட்டுதான். எட்டாம் வகுப்போடு நான் நின்றுவிட்டு, இப்போது அப்பா ஓட்டும் பள்ளிக்கூட வேனில் சின்னப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன் அல்லவா, எல்லாரையும் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு நான் மட்டும் வண்டியிலேயே திரும்பிவிடுவேன். அந்தக் கூச்சலில் அப்பா பேசினாலும் கேட்காது. வீட்டிலோ ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் பேசவே மாட்டார். குடும்பத்தோடு அதே வேனில் வெளியூர் போகும்போது, நெடுஞ்சாலையில் காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கிய பிறகுதான் அவருக்குப் பேச்சு வரும். முன் சீட்டில் இருப்பவரிடம் மட்டும் பேசுவார். எனக்குப் போன மாதம் பதினெட்டு முடிந்தது. ‘அப்பா, எனக்கும் வண்டி ஓட்டக் கத்துக்குடுங்க’ என்று போன வாரம் மலை ஏரிக்குப் போன பயணத்தில் எப்படியாவது கேட்டுவிட வேண்டும் என்று குளியலறைக் கண்ணாடி முன்னால் எத்தனை நாள் சொல்லிப் பார்த்திருப்பேன் தெரியுமா? அவர் காலைப் பார்த்துப் பார்த்தே எப்போது எதை மிதிக்கிறார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

கிளம்புகிற காலையில் உங்கள் மகள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். “மாமா, எனக்கு வண்டியில ஏறினாலே கொமட்டும்” என்றாள். அத்தை, உங்கள் ஊரிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்தவள், இறங்கும்போது வாய் நிறைய சிப்ஸோடு இறங்கினாள்! அதை நான் சொல்வதற்குள், அதாவது சொல்லலாமா என்று யோசிப்பதற்குள், அம்மா, “விருந்தாளிப் பொண்ணு, முன்னாடி உக்காரட்டும். நீ ஒருநாள் பின்னாடி உக்காந்தா தேஞ்சா போயிடுவே?” என்று என் கையில் பிளாஸ்டிக் பைகளைத் திணித்துக் கடைசி சீட்டுக்குத் தள்ளிவிட்டார். அது ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கான சீட்டு. முழங்கால் முகவாயில் இடித்தது. ஒரு பக்கம் ஸ்டெப்னி டயர், மறுபக்கம் சித்தப்பா. இரண்டில் டயர்தான் குறட்டை விடவில்லை. முன்னால் இருந்தவர்கள் “மலை வருது, மலை வருது” என்று கத்தினார்கள். எனக்குப் பின் கண்ணாடி மட்டுமே தெரிந்ததால் எல்லா மலையும் போய்க்கொண்டே இருந்தது.

மலை போனால் போகட்டும். அப்பா சிரித்தார், அத்தை. ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். உங்கள் மகள் என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை, விழாததால் இன்னும் எரிந்தது. ஏற்றத்தில் அப்பா, கடைசி சீட்டுவரை கேட்கும்படி, “எஞ்சின் சத்தத்தைக் கேளு, எப்ப கியர் மாத்தணும்னு வண்டியே சொல்லும்” என்று அவளிடம் சொல்கிறார். என்னிடம்கூட இதைச் சொன்னதில்லை. அதற்கு அவள், “மாமா, அந்த மஞ்சள் பூ பேரு என்ன?” என்கிறாள். பின்னாலிருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சரி, ஒரே ஒரு வாந்தி எடுத்துவிட்டால் போதும், சட்டப்படி சீட்டு திரும்பிவிடும் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அம்மா திரும்பி, “வருதா?” என்று கேட்டார். வரவில்லை. கண்ணை மூடி அழுகிய முட்டையை நினைத்தேன். குனிந்து சித்தப்பாவின் காலுறையை முகர்ந்தேன். அதற்கும் வரவில்லை! பொறாமை அடைத்துக்கொண்டிருந்த வயிற்றில் வேறெதற்கும் இடமில்லை போலிருக்கிறது. ஏரிக்கரையில் இறங்கியதும் அம்மா எல்லார் முன்னாலும், “இவளுக்குச் சரியாப்போச்சு! இத்தனை வருஷமா நடிச்சிருக்கா பாருங்க” என்று அறிவித்தார். சித்தப்பா கொட்டாவியோடு, “இனிமே நமக்குப் பின் சீட்டுதான் கண்ணு” என்று தோளில் தட்டினார். எடுக்காத வாந்தியால் என் பரம்பரை உரிமையே போய்விட்டது.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். திரும்பும்போது உங்கள் மகள் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே, “ஏய், நீ முன்னாடி வர்றியா?” என்று கேட்டாள். நான் “வேணாம்” என்றேன். ஏன் என்று கேட்காதீர்கள். யோசிக்காமல் என் வாயில் வருகிற ஒரே சொல் அதுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அருவிக்குப் போகப்போகிறோம். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்துவிடும், அப்பாவும் வாயை மூடிவிடுவார். ஆகவே அத்தை, தயவுசெய்து முழங்கால் வலி அதிகமாகிவிட்டது என்று ஏதாவது சொல்லி, சனிக்கிழமைக்குள் உங்கள் மகளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நான் எழுதியதாகச் சொல்லவேண்டாம். மாமாவுக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் நீண்ட நாள் சுகமாக இருக்கவேண்டும், சனிக்கிழமை ஒருநாள் தவிர.

கடைசி சீட்டிலிருந்து,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: கவரை ஒட்டப் பசை தேடிக் கூடத்துக்குப் போனேன். உங்கள் மகள் அப்பாவிடம் என்னைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள். “மாமா, நான் இனிமே இவகூடப் படுக்கமாட்டேன். தூக்கத்துல உதைக்கிறா. காலைப் பாருங்க, எப்படிக் கன்னிப்போயிருக்கு!” அப்பா செய்தித்தாளை இறக்காமலே, “எந்தக் கால்ல உதைக்கிறா?” என்றார். “இடது கால்ல.” “உதைச்சிட்டு?” “என் முழங்கையைப் பிடிச்சு முன்னாடி தள்றா, அப்புறம் பின்னாடி இழுக்கிறா.” அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். “கிளட்சை மிதிச்சுக் கியர் போடுறா” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இதை வாயைத் திறந்து கேக்கறதுக்கு என்ன?” என்றார். நான் “ம்” என்றேன். ஞாயிற்றுக்கிழமை அருவி இல்லை; காலையில் வேனை மைதானத்துக்குக் கொண்டுபோகிறோம். நான் மாதக்கணக்காக ஒத்திகை பார்த்தும் கேட்க முடியாததை, இவள் என்னைக் குறை சொல்லியே வாங்கிக் கொடுத்துவிட்டாளே என்று அதிலும் எனக்கு வயிற்றெரிச்சல்தான். இருந்தாலும் அவளைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டாம், அத்தை. ஞாயிற்றுக்கிழமை அவள் முன் சீட்டிலேயே உட்காரட்டும். நான் ஓட்டினால் அவளுக்கு நிஜமாகவே வாந்தி வரும்.