பக்கிரிசாமி மாட்டிய புகைக் காத்தாடி

மலாயாவின் பீடோங்கில் பக்கிரிசாமியைப் போல் பெண்டாட்டியை அழவைக்கிறவன் கிடையாது என்று அந்த வரிசை வீடுகளில் ஒரு பேச்சு இருந்தது. மருதம்மாளின் கண்கள் எந்நேரமும் சிவந்து கிடந்ததுதான் காரணம். உண்மையில் அவளை அழவைத்தது பக்கிரிசாமி அல்ல, ஈர ரப்பர் விறகு. ஜப்பான்காரன் வந்த நாளிலிருந்து காய்ந்த விறகும் இல்லை, அரிசியும் இல்லை. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு வெந்தது. கூடவே மருதம்மாளும் வெந்தாள்.

வீட்டில் குரலை உயர்த்தியே அறியாத பக்கிரிசாமிக்கு முதலில் அந்தக் கெட்ட பெயர் கொஞ்சம் இனிக்கத்தான் செய்தது. ஆனால் அவர் வேலை பார்த்த துணிக்கடை முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, "பொம்பளைய அடிக்கிற கை என் கடையில துணி கிழிக்கக் கூடாது" என்றதும் வேலையே போய்விடும் போலிருந்தது. அன்றே சபதம் எடுத்தார். இனி தன் சமையற்கட்டில் புகை என்பதே இருக்காது!

ஓடிப்போன வெள்ளைக்கார துரையின் பங்களா சமையலறைச் சுவரில் ஒரு காத்தாடி இருந்தது. புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் காத்தாடி. பங்களா காவல்காரரிடம் தன் கல்யாண வேட்டியைக் கொடுத்து அதை வாங்கி வந்தார். சுவரில் ஓட்டை போட்டு மாட்டினார். சுவிட்சைத் தட்டினார்.

காத்தாடி ஒருமுறை முனகியது. டப்! பியூஸ் போனது. வீட்டில் மிச்சமிருந்த பியூஸ் கம்பியைக் கட்டி மறுபடியும் தட்டினார். முனகல். டப்! அதுவும் போனது. ஊரில் வேறு பியூஸ் கம்பி கிடையாது. கப்பல் வந்தால்தானே சரக்கு வரும்?

பக்கிரிசாமி மெயினை அணைத்துவிட்டு, விரல் தடிமனில் ஒரு செம்புக் கம்பியோடு முக்காலியில் ஏறினார்.

"இதைக் கட்டிட்டா எந்தக் கரண்டு வந்து அறுக்குதுன்னு பார்க்கிறேன்!"

"அறுந்து போறதுக்குத்தானேங்க பியூஸையே வச்சிருக்கான்?" என்றாள் மருதம்மாள். "அது உருகலைன்னா சுவத்து வயர் உருகும். மேல அத்தாப்பு ஓலைக் கூரை."

"அடியே, உனக்குக் கரண்டி தெரியும். எனக்குக் கரண்டு தெரியும்!"

"கரண்டி சுட்டா நாம விட்டுடலாம். கரண்டு பிடிச்சா அது விடாதுங்க. வீடு பத்திக்கிட்டா, வெள்ளைக்காரன் பிளேனுக்கு வெளிச்சம் காட்டினான்னு ஜப்பான்காரன் வேற உங்களைக் கொண்டு போயிடுவான்."

ஜப்பான்காரன் என்றதும் முக்காலி தானாக ஆடியது. ஆனாலும் எடுத்த கம்பியை எப்படிக் கீழே வைப்பது? ஆண்பிள்ளை இல்லையா?

மருதம்மாள் பெருமூச்சு விட்டாள். "சரி, கட்டுங்க. ஆனா இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, மெயினைப் போட வேணாம். நாளைக்குச் சாயந்தரம் நல்ல நேரம் பார்த்து உங்க கையாலயே போடுங்க."

உங்க கையாலயே! அந்த ஒரு சொல்லில் பக்கிரிசாமி குளிர்ந்து போனார். ஒரு ராத்திரி எண்ணெய் விளக்கில் ஓடியது.

மறுநாள் சாயந்தரம் கடையிலிருந்து திரும்பும்போதே பக்கத்து வீட்டு மணியத்தையும் கூட்டி வந்தார். பட்டம் சூட்டுகிற மாதிரி மெயினைப் போட்டார், சுவிட்சைத் தட்டினார். விர்ர்ர்! காத்தாடி சுழன்றது. சேலை முந்தானையைப் பிடித்து இழுத்ததுபோல் அத்தனை புகையும் வெளியே போனது. மருதம்மாளின் கண்கள் வெள்ளை வெளேர் என்று தெரிந்தன.

"எப்படிண்ணே?" என்று வாயைப் பிளந்தார் மணியம்.

"சின்னக் கம்பி, சின்ன புத்தி. பெரிய கம்பி, பெரிய புத்தி! உன் வீட்டுக்கும் கட்டித் தரேன். வா, காட்டறேன்."

"முதல்ல மெயினை அணைங்க" என்றாள் மருதம்மாள். அணைத்தார். பியூஸின் பீங்கான் மூடியைப் பிடுங்கி மணியத்தின் மூக்கருகே நீட்டினார்.

உள்ளே முடியளவு மெல்லிய ஈயக் கம்பி ஒன்று பளபளத்தது.

பக்கிரிசாமி மூடியைத் திருப்பிப் பார்த்தார். ஊதிப் பார்த்தார். "என் கம்பி எங்கடி?"

"காலையில ஆளனுப்பி அழகப்பனை வரச் சொன்னேன்" என்றாள் மருதம்மாள். அழகப்பன் அவள் தம்பி, எஸ்டேட்டில் கரண்டு எடுக்கும் எஞ்சின் வீட்டில் வேலை. "காத்தாடி அச்சு பூரா துரை வீட்டுக் கொழுப்பு கெட்டியாப் படிஞ்சு கிடந்துச்சு. சுத்த முடியாமத்தான் அது கரண்டை இழு இழுன்னு இழுத்து, பியூஸ் போயிருக்கு. ரெண்டு பேரும் சுரண்டி எடுத்தோம். உங்க கம்பியை அவுத்துட்டு, அவன் கொண்டாந்த பியூஸ் கம்பியை நான்தான் கட்டினேன். ஆசையாக் கட்டினீங்களே, மனசு நோகக் கூடாதுன்னு சொல்லல."

பக்கிரிசாமி தொண்டையைச் செருமினார். "நான் ஒரு சோதனைக்காகத்தான்…"

மணியம் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"அக்கா, நாளைக்கு நம்ம வீட்டுப் பியூஸையும் நீங்களே வந்து பாருங்களேன். அண்ணனையும் கூட்டிட்டு வாங்க, முக்காலியைப் பிடிக்க ஒரு ஆளு வேணும்."