எசமான் இல்லாத பெட்டி

மண்ணெண்ணெய் வாசம் மூக்கில் ஏறினால் என் கைகள் தாமாக மேலே போகும். போன கிழமை மகள் குசினியில் ஜாம் போத்தலின் லேபிளை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி கேட்டு உள்ளே போன நான் வாசற்படியில், தோளுயரத்துக்குக் கையைத் தூக்கியபடி நின்றிருக்கிறேன். மனைவி திரும்பியும் பார்க்கவில்லை.

"உங்களை ஒருத்தரும் சுடமாட்டினம். கையை இறக்கிப்போட்டு அந்தச் சீனிப் பேணியை எடுங்கோ."

இளமையில் எனக்கு இரண்டு வியாதிகள் இருந்தன. ஒன்று கவிதை, மற்றது கொள்கை. தனித்தனியாக வந்தால் மனிதன் தப்பிவிடுவான். எனக்கு இரண்டும் ஒரே காய்ச்சலாக வந்தன. வந்த காலமோ யுத்த காலம், வந்த இடமோ கொழும்பு.

வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு கொமியூனிகேஷன் கடைக்கு மேல்மாடியில் சனிக்கிழமைகளில் கூடுவோம். கீழே சனம் தொலைபேசியில் கனடாவுக்கும் லண்டனுக்கும் கத்திக் கதைக்கும். மேலே நாங்கள் கம்பியூட்டரின் இயங்குதளத்தைத் தமிழாக்கிக்கொண்டிருப்போம். இயங்குதளம் என்றால் பெட்டியைப் போட்டதும் முதலில் விழித்தெழுந்து, மற்ற எல்லாவற்றையும் எழுப்பிவிடுகிற நிரல். நாங்கள் எடுத்துக்கொண்டது திறந்த மூல இயங்குதளம். யாரும் அதன் வயிற்றைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அயலாருக்குக் கொடுக்கலாம். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ முகம் தெரியாதவர்கள் எழுதிச் சேர்த்தது.

அந்த நாளில் எங்களுக்கு அது என்னவாக இருந்தது என்று எப்படிச் சொல்ல? தெருவுக்குத் தெரு அடையாள அட்டை. யார் வீட்டில் தங்கியிருக்கிறாய், ஏன் வந்தாய், எப்போது போவாய். அறை வாடகைக்கு எடுத்தாலும் பொலிசில் பதிவு. அதற்கு நடுவில், எவரும் அட்டை கேட்காமல் உள்ளே விடுகிற ஒரு நாடு. வரைபடத்தில் இல்லாத, கடற்கரை இல்லாத, காவலரண் இல்லாத நாடு. எனக்குத் தலை சுற்றியது. (சுற்றிய தலை லேசில் நிற்கவில்லை என்பதுதான் கதை.)

அந்த நாட்டுக்குள் ஒருநாள் கம்பனி வந்தது.

வந்தது கழுத்துப்பட்டியோடு அல்ல. கொம்பனித்தெரு ரிஸ்வானின் உருவத்தில். எங்கள் குழுவில் அவனும் ஒருவன். மொழிபெயர்ப்பில் என்னைவிடப் பொறுமைசாலி. ஒரு பெரிய கணினிக் கம்பனியில் வேலை. கம்பனி தான் கழித்த கம்பியூட்டர்களை எங்களுக்குத் தரத் தயார் என்று செய்தி கொண்டுவந்தான். பதிலுக்கு இரண்டு விஷயங்கள்: பெட்டி விழிக்கும்போது முதல் திரையில் கம்பனியின் சின்னம், எங்கள் நிர்வாகக் குழுவின் ஐந்து இருக்கைகளில் இரண்டு கம்பனிக்கு.

கம்பியூட்டர்கள் போகவிருந்தது கொட்டாஞ்சேனைக்கு, ஜோசபின் அக்காவிடம். அவர் தன் வீட்டு முன் ஹோலில், ஓ.எல். பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் முடங்கிய பெட்டைப் பிள்ளைகளுக்குத் தமிழில் கம்பியூட்டர் பழக்கினார். இருந்த பழைய பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தன. புதிதாக வராவிட்டால் நத்தார்ப் பண்டிகையோடு வகுப்பை மூடவேண்டும் என்று சொல்லியிருந்தார்.

நான் எழுந்தேன். கூட்டங்களில் நான் எழுந்தால் மின்விசிறிகூடக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும் என்று எனக்கொரு நினைப்பு.

"இண்டைக்குச் சின்னம். நாளைக்கு இருக்கை. நாளையிண்டைக்கு எங்கட சொல்லையும் அவங்கள்தான் தீர்மானிப்பாங்கள். வெளிநாட்டில நடக்கிறதைப் பாக்கேல்லையே? சும்மா சேர்ந்து எழுதின ஆக்களை ஓரங்கட்டிப்போட்டு, கம்பனிக்காரர் மூடின அறைக்குள்ள முடிவெடுக்கினம்!"

"அது உண்மதான் ரூபன்," என்றான் ரிஸ்வான். "ஆனா நீங்க டைப் பண்ணுற கீபோர்ட வேல செய்ய வெக்கிற துண்டு இரிக்கே, அத எழுதினது ஒரு கம்பனிச் சம்பளக்காரன். ஒப்பீஸ் நேரத்துல எழுதினது. அதயும் கழட்டுவமா?"

"கழட்டு!" என்றேன்.

"கீபோர்ட் இல்லாம நீ என்னண்டு கவித எழுதுவ?" ஜோசபின் அக்கா கேட்டார். "தம்பி, உன்ட கொள்கை எனக்கு விளங்குது. பிள்ளைகளிட்ட என்ன சொல்ல? பெட்டி வராது, கொள்கை வரும் எண்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். முடிவு அடுத்த பொதுக்கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. கூட்டம் அக்காவின் ஹோலில், ஒரு ஞாயிறு காலை.

இனி என் திருப்பணி. பரீட்சித்துப் பார்க்கக் கம்பனி ஒரு பெட்டியை முன்கூட்டியே தந்திருந்தது. தமிழ் இயங்குதளத்தை அதில் நிறுவிக் கூட்டத்தில் காட்ட வேண்டியது என் பொறுப்பு. பெட்டியின் நெற்றியிலும் முதுகிலும் கம்பனியின் பெயரும் இலக்கமும் போட்ட ஸ்டிக்கர்கள். அடிமைக்குச் சூடு வைத்த தழும்புபோல எனக்குத் தெரிந்தன. நகத்தால் சுரண்டினேன். போகாத பசையை மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன். தாராளமாகவே ஊற்றினேன். கொள்கையில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

பிறகு முதல் திரை. அங்கே, மாதிரிக்கென்று ரிஸ்வான் போட்டுத் தந்திருந்த கம்பனிச் சின்னத்துக்குக் கீழே, 'வணக்கம். சற்றுப் பொறுங்கள்' என்று ஒரு வரி. சின்னத்தைத் தூக்கினேன். வரியையும் தூக்கினேன். அந்த இடத்தில், கறுப்புப் பின்னணியில், சிவப்பெழுத்தில், என் சொந்த வரிகள்:

எசமான் இல்லாதவை எழுகின்றன.
இனி எந்த வாசலும் எம்மைத் தடுக்காது.

(சிவப்புத் தேவையா என்று இன்று கேட்கிறீர்கள். அன்று அது அழகாக இருந்தது.)

ஞாயிறு காலை பெட்டியை என் பழைய சாரத்தில் வைத்து நாலு மூலையையும் சேர்த்து முடிந்தேன். வயர்கள் ஒரு பக்கத்தால் வெளியே எட்டிப் பார்த்தன. கோட்டை வரைக்கும் பஸ், அங்கிருந்து ஓட்டோ. மடியில் கிடந்த மூட்டைக்கு என் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கொச்சிக்கடையில், துறைமுகப் பக்கச் சோதனைச் சாவடியில் ஓட்டோவை மறித்தார்கள்.

நான் அன்று எப்படிக் காட்சியளித்திருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள். சவரம் செய்யாத தமிழ்ப் பெடியன். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்ற அட்டை. மடியில் சாரத்தில் கட்டிய இரும்புப் பெட்டி. அதிலிருந்து வயர். எல்லாவற்றுக்கும் மேலே, மண்ணெண்ணெய் வாசம். ஓட்டோக்காரர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இறங்கினார். ஓட்டோவை விட்டுவிட்டே தூரப் போய் நின்றார்.

சிப்பாய் கேட்டான்: "மேக்க காகேத?" இது யாருடையது.

நூறு பதில்கள் இருந்தன. என்னுடையது என்றிருக்கலாம். கம்பனியுடையது என்று சொல்லி ஸ்டிக்கரைக் காட்டியிருக்கலாம், நான் விட்டுவைத்திருந்தால். ஆனால் வாரக்கணக்காக நெஞ்சுக்குள் முழங்கிக்கொண்டிருந்த வசனம் எனக்கு முன்னால் வெளியே பாய்ந்துவிட்டது, அதுவும் சிங்களத்தில்:

"காகேவத் நெவெயி." ஒருவருடையதும் இல்லை.

சொல்லி முடிந்த பிறகுதான், சாவடிச் சுவரில் இருந்த பெரிய அறிவித்தலைப் பார்த்தேன். உரிமையாளர் இல்லாத பொதிகளைக் கண்டால் உடனே அறிவிக்கச் சொல்லி, மூன்று மொழியிலும். தமிழில் எழுத்துப் பிழை இருந்தது. அதைத் திருத்தச் சொல்லுகிற நிலையில் நான் இல்லை. கைகள் மேலே இருந்தன.

பெட்டியைத் தனியே, மணல் மூட்டைகளுக்கு நடுவில் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள். வெடிக்காது என்று தெரிந்ததும், களவெடுத்தது என்று முடிவெடுத்தார்கள். ஒருவிதத்தில் அது எனக்குப் பதவி உயர்வு. பிறகு பொலிஸ் நிலையத்தில் ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். அந்த வருஷங்களில் இப்படியான வாங்குகளில் இருந்தவர்களில் சிலர் பின்னேரம் வீட்டுக்குப் போனார்கள். சிலரை அவர்களுடைய அம்மாமார் படத்தைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்காகத் தேடினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெடியன் யாரோடும் கதைக்காமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய பெயர் எனக்கு இன்றும் தெரியாது.

சார்ஜன் வயதானவர், மூக்குக்கண்ணாடிக்காரர். ஒரு தொலைபேசிக் கோல் எடுக்க விட்டார். ஜோசபின் அக்காவின் நம்பரைச் சுழற்றினேன்.

"அக்கா, பொலிசில இருக்கிறன்."

"கூட்டத்துக்கு வராம அங்க என்ன செய்யிற?" என்றார். பிறகு மூச்சு நின்ற சத்தம். பிறகு, "அசையாத. வாறம்."

வந்தார்கள். அக்கா கோயிலுக்கு உடுத்த சேலையோடு. பின்னால் ரிஸ்வான், கூட்டத்துக்கென்று கம்பனிச் சின்னம் பொறித்த சேர்ட் போட்டிருந்தான். அந்தச் சின்னத்தைப் பார்த்து என் வாழ்நாளில் முதற்தடவையாகக் கண் கலங்கினேன்.

ரிஸ்வான் தன் வேலை அட்டையை மேசையில் வைத்தான். தண்ணீர்போலச் சிங்களம். "சேர், இது எங்கட கம்பனிப் பெட்டி. இவரும் எங்கட ஆள்தான்."

எந்தக் கம்பனியும் எங்களுக்குச் சொந்தம் கொண்டாடக்கூடாது என்று முழங்கிய வாய் எனக்கு. "எங்கட ஆள்" என்ற சொல்லைக் கேட்டதும் அந்த வாய் பூனைக்குட்டிபோலத் தலையாட்டியது. வாயால் தலையாட்ட முடியுமா என்று கேட்காதீர்கள். அன்று முடிந்தது.

சார்ஜன் லேசில் விடுகிறவரில்லை. "கம்பியூட்டர் என்றால் போட்டுக் காட்டு," என்றார்.

நிலையத்தில் ஒரு திரை இருந்தது. பொருத்தினார்கள். அந்த நேரம்தான் எனக்கு முதல் திரை ஞாபகம் வந்தது. 'வேண்டாம்' என்று கத்த வாயைத் திறந்தேன். பெட்டி முந்திக்கொண்டது. கறுப்பு. பிறகு பளிச்சென்று சிவப்பில், பொலிஸ் நிலையத்தின் நடுவில், யுத்தத்தின் நடுவில், தமிழில்:

எசமான் இல்லாதவை எழுகின்றன. இனி எந்த வாசலும் எம்மைத் தடுக்காது.

ஜோசபின் அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். அன்றுவரை என் கவிதைக்கு அவ்வளவு ஆழமான எதிர்வினை கிடைத்ததில்லை.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?" சார்ஜன் கேட்டார்.

ரிஸ்வான் மனதுக்குள் வாசித்தான். கடைசிச் சொல் வரைக்கும் நிதானமாக வாசித்தான். பொய் சொல்லிப் பிடிபட்டால் எனக்குப் பக்கத்தில் அந்த வாங்கில் அவனும் இருக்கவேண்டும். அவனுக்கு ஒரு கைக்குழந்தை இருந்தது.

"வணக்கம். சற்றுப் பொறுங்கள் என்று இருக்கிறது சேர்," என்றான்.

"இவ்வளவு நீளமாகவா?"

"தமிழ் அப்பிடித்தான் சேர்."

சார்ஜன் என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு பெருமூச்சோடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நம்பினாரா, நம்பியதாகக் காட்டிக்கொள்ள முடிவெடுத்தாரா, எனக்குத் தெரியாது. இரண்டாவதாக இருந்தால் அவருக்கும் என் நன்றி.

பத்திரிகைக்காரர்போல முகவரி எல்லாம் எழுதிக்கொண்டு எங்களை விட்டார்கள். வெளியே வெயிலில் எங்கள் குழு முழுவதும் நின்றது. கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அக்காவின் மாணவிகள்கூட. அந்தோனியார் கோயில் மணி அடித்தது. ஒரு பிள்ளை எனக்குச் சோடாப் போத்தலை நீட்டியது. அதைவிட ருசியான எதையும் நான் பிறகு குடித்ததில்லை.

ஹோலுக்குத் திரும்பிக் கூட்டம் தொடங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன்.

"ரிஸ்வானுக்கு நான் உயிர்க்கடன். ஆனா..." என்றேன்.

"கர்த்தரே, இன்னும் ஆனா சொல்றான்!" என்றார் அக்கா.

"ஆனா இரண்டு இருக்கை கம்பனிக்குக் குடுக்கேலாது. ஒண்டு குடுப்பம். அதுவும் கம்பனிக்கில்லை, ரிஸ்வானுக்கு. அவன் வேலையை விட்டாலும் இருக்கை அவனோடதான் இருக்கோணும். முதல் திரையில ஒருத்தற்ற சின்னமும் வேண்டாம்." கொஞ்சம் நிறுத்தி, "என்ர கவிதையும் வேண்டாம்," என்றேன்.

அன்றைய பெரிய கைதட்டல் அந்தக் கடைசி வசனத்துக்குத்தான்.

ரிஸ்வான் தாடியைத் தடவினான். "கம்பனிட்ட கேட்டுப் பாக்கிறன். என்ன செல்லுவாங்களோ தெரியா." கம்பனி சம்மதித்தது. எங்கள் தீர்மானத்தை அங்கே யாரும் வாசிக்கவில்லை என்பது அவனுடைய கருத்து. நத்தாருக்கு முதல் அக்காவின் ஹோலில் பெட்டிகள் வந்து இறங்கின. வகுப்பு மூடப்படவில்லை. அங்கே படித்த ஒருத்தி இன்றைக்கு அதே இயங்குதளத்துக்குத் தானே நிரல் எழுதுகிறாள். சம்பளத்துக்கு, ஒரு கம்பனியில். கேள்விப்பட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தில் ஒரு துளி கோபமும் இல்லை என்று சத்தியம் செய்யமாட்டேன்.

வீட்டில் இது பெரிய ஆயுதம். நான் ஏதாவது பொதுக்காரியத்துக்குக் குரலை உயர்த்தத் தொடங்கினால் மகள் தொலைபேசியில் இருந்து தலையைத் தூக்காமலே கேட்பாள்: "அப்பா, உங்கட ஓனர் ஆர்? கூட்டிக்கொண்டு போகச் சொல்லட்டோ?" நான் அடங்கிவிடுவேன். அந்த நாளில் என்னைத் தன்னுடைய ஆள் என்று சொல்ல ஒருவன் இருந்தான். வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெடியனுக்கு யாராவது வந்தார்களா என்று இன்றைக்கும் தெரியாது.

அன்று கூட்டம் முடிந்து ரிஸ்வான் என்னோடு கொட்டாஞ்சேனை பஸ் தரிப்பு வரைக்கும் நடந்து வந்தான். மழை இருட்டிக்கொண்டு வந்தது. நன்றி சொல்ல நான் அழகான வசனம் ஒன்றைத் தேடினேன். பஸ் வந்தது. மிதிபலகையில் காலை வைத்துக்கொண்டு, "உன்ர கம்பனியை எதிர்த்துத்தானே கதைச்சனான், கோவமே?" என்று மட்டும் கேட்டேன்.

அவன் என் முதுகில் கையை வைத்து உள்ளே தள்ளினான்.

"எதிர்த்துக் கதைங்க, வோட் போடுங்க, என்ன வேணுமெண்டாலும் செய்யுங்க. ஊட்டுக்குப் போய்ச் சேந்த ஒடன எனக்கொரு மிஸ்கோல் தாங்க."